சிறு பீரங்கியில் வெற்று வேட்டு: மருந்து எவ்வளவு, எப்படிப் போடுவது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். ஒன்றரை அங்குலத் துளையுள்ள ஒரு சிறு பீரங்கியை அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று குண்டில்லாமல் வெடிக்க ஆசை. எவ்வளவு கரிமருந்து போடலாம்? குண்டுதான் இல்லையே, ஆபத்து உண்டா?

பதில்:

உண்டு. 1861 ஏப்ரல் 12, 13 தேதிகளில், அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சண்டையில், சம்டர் கோட்டை மீது நடந்த பீரங்கித் தாக்குதலில் ஒருவர்கூடச் சாகவில்லை. 14ஆம் தேதி, கொடியை இறக்கும்போது முழங்கிய மரியாதை வேட்டில்தான் டேனியல் ஹஃப் என்ற சிப்பாய் இறந்தார். மருந்து கெட்டிக்கும்போதே பற்றிக்கொண்டது. 100 வேட்டு என்று திட்டம். 50 உடன் நிறுத்திவிட்டார்கள். மோசமான விபத்துகள் இன்றும் இதே கட்டத்தில்தான் நடக்கின்றன: முந்தைய வேட்டின் கங்கு குழலுக்குள் இருக்கும், அதன்மேல் புது மருந்து போய் இறங்கும்.

முதலில் குழலைப் பாருங்கள். எஃகு உட்குழாய் இல்லாத வார்ப்பிரும்புக் குழல், அலங்காரத்துக்கு விற்கும் துத்தநாகக் கலவைப் பொம்மை, விரிசலோ துருக்குழியோ உள்ள குழல் இவற்றில் ஒரு சிட்டிகை மருந்துகூட வேண்டாம்.

அளவுக்கு வருவோம். பெரிய களப் பீரங்கிகளுக்கு ஒரு கணக்கு உண்டு: துளையின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் உச்சபட்சம் 2 அவுன்ஸ். இதைச் சிறு பீரங்கிக்கு அப்படியே போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. 3 அங்குலத் துளையில் 6 அவுன்ஸ் (170 கிராம்) போட்டால் மருந்து ஏறத்தாழ 3.7 செ.மீ. நீளத்துக்கு நிற்கும். உங்கள் ஒன்றரை அங்குலத்தில் அதே கணக்குப்படி 3 அவுன்ஸ் போட்டால் 7 செ.மீ.யைத் தாண்டும். விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால்வாசியாகிவிடுகிறது, மருந்தோ பாதிதான் குறைகிறது. உங்கள் குழலின் சுவரும் மெல்லியது. ஆகவே 1 அவுன்ஸுக்கு (28 கிராம்) மேல் போகாமல் தொடங்குங்கள். தயாரித்தவர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே அளவு.

கடையில் விற்கும் உண்மையான கரிமருந்து மட்டுமே, அதிலும் ஒற்றை எஃப் குறியுள்ள பெருமணி. எஃப் கூடக் கூட மணி பொடியாகும், அழுத்தம் சட்டென்று ஏறும். இன்றைய துப்பாக்கித் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே வெடிகுண்டாகிவிடும்.

டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு கங்கு இருந்தால் கையிலிருக்கும் டப்பாவே வெடிக்கும். முன்னதாகவே எடைபோட்டு, துளையைவிடச் சற்றுச் சிறிய மர உருளையில் தடித்த அலுமினியத் தாளைச் சுற்றிப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். காகிதமும் ஒட்டுநாடாவும் கனன்றுகொண்டே கிடக்கும், அலுமினியம் அப்படிக் கிடக்காது. பொட்டலங்கள் மூடிய மரப்பெட்டியில், காற்று வரும் பக்கமாக, 25 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

பொட்டலத்துக்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். சத்தம் போதவில்லை என்று ஈரக் காகிதம், மாவு, புல் என்று அடைப்பவர்கள் உண்டு. அழுத்தம் எகிறும், அடைப்பே குண்டாகப் பறக்கும். 1613 ஜூன் 29 அன்று லண்டன் குளோப் அரங்கத்தின் கூரை பற்றி எரிந்தது, நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியிலிருந்து எரிந்தபடி பறந்த அடைப்பால்தான்.

வெடிக்கும் முறை: ஒவ்வொரு வேட்டுக்கும் முன் திருகுக் கொக்கியால் தாள் துணுக்குகளை இழுத்தெடுங்கள். பிறகு ஈரத்துணி சுற்றிய கோல், அடுத்து உலர்ந்த துணி. ஈரம் அடிவரை போக வேண்டும். இரண்டு வேட்டுக்கு நடுவே 10 நிமிடம் விடுங்கள். கூட்டம் கைதட்டி அவசரப்படுத்தும், கண்டுகொள்ளாதீர்கள். பொட்டலத்தை மரக் கோலால் ஒரே சீராகத் தள்ளுங்கள், குத்தாதீர்கள். குழலின் வாய்க்கு நேரே உடம்பின் எந்தப் பகுதியும் வரக் கூடாது. கட்டைவிரல் கோலைச் சுற்றாமல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். மருந்து பற்றினால் கோல் கையை விட்டு உருவிப் போய்விடும். காலிக் குழலுக்கு ஒன்று, மருந்து இருக்கும் குழலுக்கு ஒன்று என்று கோலில் இரண்டு கோடு போட்டுவைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே தேவையில்லை.

பித்தளை ஊசியால் பற்றுத்துளை (குழலின் பின்பகுதியில் திரி வைக்கும் சிறு துளை) வழியே பொட்டலத்தைக் குத்திய பிறகே திரி. வழக்கமான பச்சைத் திரி அடிக்கு ஏறத்தாழ 30 நொடி எரியும், ஆனால் சுருளுக்குச் சுருள் மாறும். ஒரு துண்டை எரித்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றவைப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நேர் பின்னால் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்கள் பின்புறம் 50 அடிக்கு அப்பால். கண்ணாடியும் காதடைப்பானும் எல்லோருக்கும்.

திரி எரிந்து முடிந்தும் வெடிக்கவில்லையா? குறைந்தது 3 நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. பிறகு பக்கவாட்டிலிருந்து வந்து, மீண்டும் குத்தி, புதுத் திரி வையுங்கள். மறுபடியும் ஏமாற்றினால் அதே அளவு காத்திருந்து, பற்றுத்துளை வழியே தண்ணீர் ஊற்றி மருந்தை நன்றாக ஊறவிட்டுக் கொக்கியால் வெளியே இழுங்கள். கோலால் இடித்துப் பார்க்க வேண்டாம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய பொழுதுபோக்குக்கு 50 பவுண்டு வரை கரிமருந்து வைத்திருக்க இடம் தருகிறது. உங்கள் ஊரின் தீயணைப்பு விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் உரிமம் இல்லாமல் இதில் கைவைக்காதீர்கள்.

அன்றைக்கே சோப்புக் கலந்த வெந்நீரால் குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். கரிமருந்துச் சாம்பல் காற்றின் ஈரத்தை இழுக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு முந்திக்கொள்ளும்.