இரண்டாவது பேட்டரி ஏன் நிறைவதில்லை?

கேள்வி: ஃபிரிட்ஜுக்காக ஜீப்பின் பின்புறம் ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த, மூடிய வகை) வைத்து, 6 சதுர மி.மீ. ஒயரும், இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலேயும் போட்டேன். நாள் முழுக்க ஓட்டினாலும் சார்ஜ் நிறைவதில்லையே?

பதில்: ஒயர்தான் முதல் குற்றவாளி. போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால், 30 ஆம்பியரில் அந்த ஒயரிலேயே சுமார் 0.9 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) 14.2 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.3தான், ஏஜிஎம்முக்கு 14.4 வேண்டும். 25 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாகக் குறையும். தேவைக்கேற்ப வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டராக இருந்தால் அதுவும் போதாது. ரிலேயைக் கழற்றிவிட்டு வரும் வோல்ட்டை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். ஃபியூஸ் இரண்டு பேட்டரிகளின் அருகிலும் அவசியம். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் ஒயர் உரசினால் மறுமுனை பேட்டரி தீ மூட்டிவிடும். அமிலம் ஊற்றும் சாதாரண பேட்டரியைக் கேபினுக்குள் வைக்கவே வேண்டாம், ஹைட்ரஜன் கசியும்.