தேறிய மகன் சிகிச்சைக்குப் போக மறுக்கிறான், கட்டாயப்படுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, கல்லூரி மாணவன். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பயந்ததால் ஆரம்பகட்ட சைக்கோசிஸ் (நிஜத்தையும் மனத்தோற்றத்தையும் பிரித்தறிய முடியாத மனநிலை) சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்தோம். ஐந்து மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டான். இப்போது, "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று போக மறுக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறானா என்றும் தெரியவில்லை. இழுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: உங்கள் மகன் விதிவிலக்கல்ல. இளைஞர்களுக்கென்றே தனிக் குழு அமைத்துச் சிகிச்சை தரும் முறைக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1992இல் மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரி தொடங்கிய மையம் முன்மாதிரியானது. அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் உருவான திட்டங்களிலும் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் பாதியில் விலகிவிடுகிறார்கள். எல்லோரையும் "நோயை உணராதவர்கள்" என்று ஒதுக்கிவிட முடியாது. நோயை உணராமை ஒரு காரணம்தான். ஆனால் குரல்கள் அடங்கிய பிறகு வாராவாரம் போய்த் தன்னை நோயாளி என்று நினைவுபடுத்திக்கொள்ள 20 வயதில் யாருக்குப் பிடிக்கும்? கஞ்சாப் பழக்கம் இருப்பவர்களும் குடும்பத் துணை இல்லாதவர்களும் இன்னும் எளிதாக நழுவுகிறார்கள். பழகிய ஆலோசகர் மாறிப்போய், புதியவரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதும் பலரை விரட்டுகிறது.

பெரும்பாலும் வெளியே வராத காரணம் மருந்தின் பக்கவிளைவு. சில மருந்துகள் உடல் எடையை வெகுவேகமாகக் கூட்டும். சில நாற்காலியில் உட்காரவிடாமல் கால்களைத் தவிக்கவைக்கும். சில, காலை வகுப்பில் கண்ணைத் திறக்கவிடாது. பாலுறவு நாட்டம் குறைவதும் உண்டு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த இளைஞன் இதை மருத்துவரிடம் சொல்வான்? அடுத்த முறை நீங்கள் வெளியில் காத்திருங்கள்.

மருந்தை நிறுத்தியதும் நோய் மறுநாளே திரும்புவதில்லை. பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஒன்றும் நடக்காது. "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு அந்த இடைவெளி சாட்சியாகிவிடுகிறது, பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது.

ஆகவே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு முறை வருவான், அடுத்த முறை உங்களிடமே எதையும் சொல்லமாட்டான். சாப்பாட்டில் மாத்திரையைக் கலப்பது அதைவிட மோசம். தெரிய வரும் நாளில் உங்கள் கையால் சாப்பிடவே அஞ்சுவான், அதுவும் சந்தேகமே நோயாக இருந்தவன். "மாத்திரை போட்டாயா?" என்று கேட்பதற்குப் பதில், "அங்கே போவதில் உனக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். பதில் வந்தால் மறுத்துப் பேசாதீர்கள்.

திட்டத்தை விடுவதும் மருந்தை விடுவதும் ஒன்றல்ல என்பதையும் அவனிடம் சொல்லலாம். குழுக் கூட்டம் பிடிக்காதவன் மருத்துவரை மட்டும் மாதம் ஒரு முறை பார்க்கலாம். மருந்தின் அளவைக் குறைக்கவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ, தினசரி மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி போடவோ வழி இருக்கிறது. மருந்தை விட்டே தீருவேன் என்றால்கூட, தானாக ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் பேசுவதற்காக ஒரே ஒரு சந்திப்புக்குச் சம்மதிக்கிறானா என்று பாருங்கள். அவன் வராவிட்டாலும் நீங்கள் குழுவை அழைத்து வீட்டில் காண்பதைச் சொல்லலாம். அவனைப் பற்றிய விவரங்களை அவர்கள் உங்களிடம் பகிரத் தடை இருக்கலாம். நீங்கள் சொல்வதைக் கேட்பதற்குத் தடை இல்லை.

சென்ற முறை நோய் தொடங்கியபோது முதலில் என்ன மாறியது என்று இருவரும் சேர்ந்து எழுதி வையுங்கள். பலருக்குத் தூக்கம்தான் முதலில் கெடும். பிறகு அறைக் கதவு சாத்தியே கிடக்கும். அவை திரும்பினால் அன்றே குழுவுக்குச் சொல்லுங்கள். தற்கொலைப் பேச்சு, பிறரைத் தாக்க முற்படுவது, உணவும் நீரும் மறுப்பது, குரல்கள் கட்டளையிடுவதாகச் சொல்வது ஆகியவற்றில் எது வந்தாலும் அவன் சம்மதத்துக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவின் உதவியை நாடுங்கள்.