டூல்களை இணைக்கிற டீமில் சேரலாமா? உசிலம்பட்டி அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கையில் இரண்டு இன்டர்ன்ஷிப் ஆஃபர் இருக்கிறது. ஒன்று மொபைல் ஆப் செய்கிற டீம். மற்றது, டெவலப்பர்கள், அதாவது கோட் எழுதுகிறவர்கள், பயன்படுத்தும் டூல்களையும் அவற்றில் இருக்கும் டேட்டாவையும் ஒன்றோடொன்று இணைக்கிற டீம். பாப்பாவுக்கு இரண்டாவதில்தான் மனசு. "அது கோட் எழுதுற வேலையே இல்ல, மத்தவங்களுக்கு எடுபிடி வேலை" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை. மதுரை காளவாசலில் ஒரு பயிற்சி சென்டர் இருபது டூல் கற்றுத் தருவதாகச் சொல்லி அரை லட்சம் கேட்கிறது, கட்டலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது சாஃப்ட்வேர் வேலைதான், நல்ல வேலை. ஆனால் அதே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு விதமான வேலை நடக்கிறது. இவளுக்குக் கிடைக்கப்போவது எது என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சென்டருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அந்த டீமில் என்னதான் செய்வார்கள்? ஒரு வங்கிக்கு ஆப் செய்து கொடுக்கும் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டிக் கணக்கு தப்பாக வருகிறது என்று ஒரு கிளையிலிருந்து புகார் வருகிறது. அது ஜிரா போன்ற டூலில் எண் போட்ட ஒரு டிக்கெட்டாக, அதாவது புகார்ச் சீட்டாக, பதிவாகிறது. டெவலப்பர் கோட்-ஐத் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைக்கும் கிட் என்ற டூலில் பதிவு செய்கிறார், இதற்குத்தான் கமிட் என்று பெயர். ஜென்கின்ஸ் என்ற டூல் அந்தக் கோட்-ஐ எடுத்து பில்ட் போடுகிறது, அதாவது ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுகிறது. டெஸ்ட்கள் ஓடி, எது பாஸ், எது ஃபெயில் என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வருகிறது. அப்புறம் ரிலீஸ். இப்போது வங்கியிலிருந்து போன்: "நாங்க சொன்ன தப்பு எந்த வெர்ஷன்ல சரியாச்சு? எங்க சர்வர்ல இப்ப ஓடுறது அந்த வெர்ஷன்தானா?" டிக்கெட் டூலுக்கு சர்வரைப் பற்றித் தெரியாது. கிட்டுக்கு எந்த வெர்ஷன் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. சர்வருக்கு டிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. இப்படித் தனித்தனியாகக் கிடப்பதைக் கோத்து, கேட்டவுடன் ஒரே வரியில் பதில் வரும்படி செய்வதுதான் அந்த டீமின் வேலை.

கோக்கிற நூல் பெரும்பாலும் மிகச் சின்னது. கமிட் செய்யும்போது எழுதும் குறிப்பில் டிக்கெட் எண் இருக்க வேண்டும் என்று ஒரு விதி, எண் இல்லாத கமிட்டைத் திருப்பி அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட். கிட் ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்தில் ஓர் அடையாளம் கொடுக்கும். அந்த அடையாளத்தை பில்ட் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும், சர்வரில் ஓடும் புரோகிராமைக் கேட்டால் அது அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இவ்வளவு இருந்தால் டிக்கெட்டிலிருந்து சர்வர் வரை பாதை போட்டுவிடலாம். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் வங்கிக்குச் சொல்லப் பதில் இருக்காது.

சிரமம் எங்கே வரும் என்றால், இரண்டு டூலும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளில் பேசும்போது வரும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோவில் கைமாறுகிறது, கோயில் வாசலில் அதே பூ முழக்கணக்கில் விற்கிறது. இரண்டு நோட்டையும் அப்படியே கூட்டினால் வருவது கணக்கே இல்லை. டேட்டாவிலும் இதுதான் நடக்கிறது. ஒரு டூலில் 'முடிந்தது' என்றால் டெவலப்பர் திருத்தி முடித்தார் என்று பொருள், இன்னொன்றில் வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொண்டார் என்று பொருள். நேரமும் அப்படித்தான். ஒரு டூல் இந்திய நேரத்தை எழுதும், இன்னொன்று உலகப் பொது நேரத்தை எழுதும். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை விடியற்காலை 3 மணிக்குச் செய்த கமிட், ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் திங்கள் இரவு 9.30 ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டில் அதைக் காணோம் என்று ஒரு டீமே உட்கார்ந்து தேடும். ஒரே ஆள் கிட்டில் சொந்த ஈமெயிலோடும் டிக்கெட் டூலில் ஆபீஸ் ஈமெயிலோடும் இருந்தால் ரிப்போர்ட்டில் இரண்டு ஆளாகத் தெரிவார். இதையெல்லாம் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு எந்த டீமிலும் மதிப்பு உண்டு. இதை எடுபிடி என்று சொல்பவர் இந்த வேலையைக் கிட்டே இருந்து பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை அம்மா. 1990-லேயே அந்தோனி வாசர்மன் என்ற ஆய்வாளர், டூல்களை இணைப்பது ஒரே வேலை இல்லை, ஓடுகிற தளம், திரையின் தோற்றம், டேட்டா, ஒன்றை ஒன்று இயக்குவது, வேலை நடக்கும் முறை என ஐந்து வகை இருக்கிறது என்று பிரித்துச் சொன்னார். அதே காலத்தில் ஐரோப்பாவில் பிசிடிஇ என்று ஒரு தரநிலை வந்தது. எல்லா டூலும் தங்கள் டேட்டாவை ஒரே பொதுக் கிடங்கில் வைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது, ஆனாலும் பரவலாக நிலைக்கவில்லை. ஒவ்வொரு டூலையும் அந்தக் கிடங்குக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டியிருந்தால், எழுதுகிறவர்களுக்கு அது பெரிய சுமைதானே.

ஜெயித்தது வேறு வழி. டேட்டா அவரவர் இடத்தில் இருக்கட்டும், பேசுகிற முறையை மட்டும் பொதுவாக்கிக்கொள்ளலாம் என்ற வழி. 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு முன்பு 10 எடிட்டர் (கோட் எழுத உதவும் புரோகிராம்), 20 புரோகிராமிங் மொழி இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக, 200 இணைப்பு எழுத வேண்டும். பேச்சுமுறை பொதுவான பிறகு எடிட்டருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, மொத்தம் 30 போதும். பாப்பா கல்லூரியில் விஎஸ் கோட் என்ற எடிட்டரைப் பயன்படுத்தினால், பிழையின் கீழே சிவப்புக் கோடு வருவதைத் தினமும் பார்த்திருப்பாள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான் இருக்கிறது.

இந்த வேலையின் அருமை ஆபத்து நேரத்தில்தான் தெரியும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில் (பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோட் தொகுப்பில்) மிக மோசமான பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். உலகம் முழுக்கக் கம்பெனிகள் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்த லைப்ரரி நம்மிடம் எங்கெங்கே ஓடுகிறது? எந்தப் புரோகிராமுக்குள் எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்ற பட்டியலை பில்ட் நடக்கும்போதே எடுத்து, ரிலீஸ் டேட்டாவோடு இணைத்து வைத்திருந்தால் அது ஒரு தேடலில் கிடைத்துவிடும் பதில். அப்படி வைத்திருக்காவிட்டால் ஒவ்வொரு சர்வராகத் திறந்து தேட வேண்டும். இந்தப் பட்டியலை எழுதுவதற்கான எஸ்பிடிஎக்ஸ் என்ற முறை அதே 2021-இல்தான் ஐஎஸ்ஓ தரமானது.

சரி, இரண்டு விதமான வேலை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஒரு விதத்தில், இணைப்புகளை எழுதுவார்கள், டேட்டா தப்பாக வந்தால் ஏன் என்று தோண்டுவார்கள், எழுதியதற்கு டெஸ்டும் எழுதுவார்கள். இன்னொரு விதத்தில், யாரோ எழுதி வைத்ததைக் கண்காணிப்பார்கள், பில்ட் நின்றுவிட்டால் மறுபடி ஓடவிடுவார்கள், பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுப்பார்கள். இரண்டாவதும் நாணயமான பிழைப்புதான், ஆனால் வருஷக்கணக்கில் அதிலேயே இருந்தால் கை கோட் எழுதுவதை மறந்துவிடும். உங்கள் சொந்தக்காரர் இந்த இரண்டாவது விதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆஃபர் கொடுத்தவர்களிடம் பாப்பாவே இதைக் கேட்கட்டும்: போன இன்டர்ன் என்ன எழுதினார், அது இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறதா? நான் எழுதும் கோட்-ஐ ரிவ்யூ செய்யப்போவது யார்? இரவு டியூட்டி உண்டா, இன்டர்னுக்கும் உண்டா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் மொபைல் ஆப் டீமுக்கே போகட்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, கேட்கிற பிள்ளையை நல்ல மேனேஜர் விரும்புவார்.

இனி அந்த அரை லட்சம். இருபது டூலின் பெயரும் எங்கே கிளிக் செய்வது என்பதும் ஒரு பட்டியல்தான், மூன்று வருஷத்தில் பாதி பழசாகிவிடும். பழசாகாதது அடியில் இருப்பது: கிட், லினக்ஸ் கமாண்ட், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி), ஜேசன் (டேட்டாவை எழுதும் ஒரு வடிவம்), ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் டேட்டா கேட்டு வாங்கும் வழி) எப்படிப் பேசுகிறது என்பது, கொஞ்சம் பைத்தான். இவை எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். வீட்டில் கரண்ட், சத்தம் பிரச்சினை என்றால் நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, உட்கார்ந்து படிக்க அருமையான இடம்.

பாப்பாவுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். கிட் பிராஜெக்டுகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஏதாவது ஒரு பிராஜெக்டை எடுத்துக்கொள். அதன் இஷ்யூக்களை (பதிவான புகார், கோரிக்கைகளை) ஏபிஐ வழியாக இழுத்து, உன் லேப்டாப்பில் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் போடு. முதலில் 30 மட்டும்தான் வரும், ஏனென்றால் அது பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும், ஒரு பக்கத்துக்கு 100-க்கு மேல் தராது. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுக்கக் கற்றுக்கொள். டோக்கன் (நீ யார் என்று காட்டும் ரகசியச் சாவி) இல்லாமல் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 60 முறைதான், அதற்கு மேல் கதவு மூடிவிடும். டோக்கன் போட்டால் 5,000. அந்த டோக்கனைக் கோடுக்குள் எழுதி கமிட் செய்துவிடாதே, பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும். எல்லாம் வந்த பிறகு எண்ணிப் பார், கிட்ஹப் திரையில் இஷ்யூ என்று காட்டும் எண்ணிக்கையை விட உன் டேபிளில் அதிகமாக இருக்கும். ஏன் என்று நீயே கண்டுபிடி.

(அம்மா, விடை உங்களுக்கு மட்டும்: அந்த ஏபிஐ, புல் ரிக்வெஸ்ட்டுகளையும் (என் கோட் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கைகளையும்) இஷ்யூ என்றே கணக்கு வைத்து அனுப்புகிறது. பாப்பா அதைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் சென்டரில் பல வாரம் உட்கார்ந்ததை விட அதிகம் கற்றிருப்பாள்.) அதன் பிறகு கமிட்டுகளையும் இழுத்து, எந்த கமிட் எந்த இஷ்யூவைத் தீர்த்தது என்று இணைக்கட்டும். அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் டேபிளில் ஒரு வரிகூட இரட்டிப்பாகக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையைச் சரியாகச் செய்ய அவள் படும் பாட்டை, இன்டர்வியூவில் பத்து நிமிஷம் பேசலாம்.

ஏஐ வந்தால் இந்த வேலை போய்விடுமா என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இணைப்பு ஸ்கிரிப்டுகளை ஏஐ இப்போதே வேகமாக எழுதுகிறது, அது உண்மை. ஆனால் இரண்டு டூல் முரண்பட்டால் எதை நம்புவது, யாருக்கு எந்த டேட்டாவைக் காட்டலாம் என்று முடிவு செய்ய அந்த வேலையை அறிந்த ஆள் வேண்டும். ஏஐக்கே டூலும் டேட்டாவும் இணைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொதுப் பேச்சுமுறையை வெளியிட்டது. பாப்பா மேலே சொன்ன பயிற்சியை முடித்துவிட்டு அதைப் படித்தால் சுலபமாகப் பிடிபடும்.

பக்கத்திலேயே வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்காட் பூங்கா இரண்டு இருக்கிறது, இலந்தைகுளத்தில் ஒன்று, வடபழஞ்சியில் ஒன்று. வடபழஞ்சி உங்களுக்குத் தேனி ரோட்டிலேயே வரும். எச்சிஎல், ஹனிவெல் போன்ற கம்பெனிகள் மதுரையில் இருக்கின்றன. ஆனாலும் இந்த வகை டீம்கள் சென்னையிலும் பெங்களூரிலும்தான் அதிகம். முதல் சில வருஷம் வெளியூர் போக வேண்டி வரலாம் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக கோட் எழுதாத வேலையில் சேர்ப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

ஆஃபருக்குப் பதில் சொல்ல இந்த மாசக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்விகளைப் பாப்பா ஈமெயிலில் கேட்கட்டும், போனில் வேண்டாம், பதில் எழுத்தில் இருப்பது நல்லது. வந்த பதிலை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.