வீடியோ முடிந்தது, பாடம் நின்றதா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பறையில் ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். மின்சுற்று பாடத்துக்கு நல்ல அனிமேஷன் வீடியோக்களைத் தேடிப் போட்டேன். கண்கொட்டாமல் பார்த்தார்கள், 'புரிந்தது' என்றார்கள். அடுத்த வாரம் கேட்டால் பலருக்கும் பதில் வரவில்லை. ஆளுக்கொரு டேப்லெட் இருந்தால்தான் சரியாகுமா?

பதில்: டேப்லெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 'புரிந்தது' என்று பிள்ளைகள் சொன்னது பொய்யும் அல்ல. நல்ல வீடியோ ஓடும்போது எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். ஆனால் யோசிக்கும் வேலையை வீடியோவே செய்துவிடுவதால் பார்ப்பவர் மனதில் அது தங்குவதில்லை.

எனவே காட்டும் முன் கேளுங்கள். ஒரு பேட்டரியோடு இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த படத்தைத் திரையில் போடுங்கள். முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா? பல்பு மின்னோட்டத்தைச் 'செலவழித்துவிடும்' என்று நம்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அந்த நம்பிக்கையை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும். அது உள்ளேயே இருக்கும்வரை எத்தனை வீடியோ போட்டாலும் பயனில்லை.

கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவார்கள். பிளிக்கர்ஸ் என்ற செயலி இதற்கு உதவும். ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. அதைத் திருப்பிப் பிடிக்கும் விதத்தைப் பொறுத்து விடை மாறும். உங்கள் கைபேசி கேமராவை வகுப்பின் பக்கம் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை நல்ல வழிகாட்டி. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் நீங்கள் விளக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி விடை கேளுங்கள். அதற்கும் குறைவாக இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். கூடுதலாக இருந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம்.

இப்போது திரைக்கு வேலை வருகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இலவசம்; சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கணினி மாதிரிகள் அவை. ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதில் அதே சுற்றைக் கட்டி, பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு! கம்பிக்குள் எலக்ட்ரான்கள் ஓடுவதையும் அதில் பார்க்கலாம். நிஜப் பல்பும் பேட்டரியும் இதைக் காட்டாது. மற்றபடி நிஜச் சுற்றைக் கையால் கட்டிப் பார்க்கும் வாய்ப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

வீடியோவை விட்டுவிட வேண்டியதில்லை. ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று எழுதச் சொல்லுங்கள்.

மறுவாரம் மறந்துபோவதற்குத் தனி மருந்து வேண்டும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஓர் உரையைப் படிக்கக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, உரையைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. எனவே வகுப்பு தொடங்கியதும் போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளைத் திரையில் போடுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் எழுதட்டும். மதிப்பெண் வேண்டாம். யாருக்கு எது வரவில்லை என்று பார்த்து, அன்றைய பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.