செஷன் இசைக்கலைஞர் என்றால் யார்? ஒரு ஜாஸ் பாஸ் கலைஞரால் எப்படி ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசிக்க முடிகிறது?

யாருடைய ஒலிப்பதிவாக இருந்தாலும், கூப்பிட்டால் வந்து வாசித்துக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கான சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்தான் செஷன் கலைஞர்.

ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஓடும். ஒத்திகைக்கு நேரம் இருக்காது. முகூர்த்தத்துக்குள் பந்தி போட வேண்டிய வீட்டில் கைதேர்ந்த சமையல்காரரைத்தானே தேடுவோம்! அதிலும் பாஸ் என்பது கீழ் சுரங்களில் ஒலித்து, தாளத்தையும் சுரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் தந்தி வாத்தியம். அது தடுமாறினால் மொத்தப் பாட்டும் ஆடிப்போகும். அதனால் நம்பகமான பாஸ் கலைஞருக்கு அழைப்பு ஓயாது.

அமெரிக்காவின் ஜாஸ் பாஸ் கலைஞர் ரான் கார்ட்டரைப் பாருங்கள். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த செல்லோவில் தொடங்கி, அதைவிடப் பெரிய, நின்றுகொண்டே வாசிக்கும் டபுள் பாஸுக்கு மாறியவர். 1963 முதல் 1968 வரை புகழ்பெற்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தார். 2015இல் கின்னஸ் கணக்குப்படி அவர் வாசித்த பதிவுகள் 2,221. 1991இல் ஒரு ஹிப்-ஹாப் ஆல்பத்துக்கும் வாசித்தார் (ஜாஸ்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்).

சொந்தமாக எதுவும் செய்யத் தெரியாதவர்களே இந்த வேலைக்கு வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; கார்ட்டரோ தன் பெயரிலேயே பல ஆல்பங்கள் வெளியிட்டவர்.