என் படம், என் பெயர், பாதி வாக்கியம்

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 54 வயது. தஞ்சாவூரில் இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை. ஃபேஸ்புக்கில் சர்க்கரை உள்ளவர்களுக்கான சமையல் குரூப் ஒன்றில் அடிக்கடி எழுதுவேன். நாலு மாதம் முன்பு அங்கே ஒருவர் விற்கும் சிறுதானியக் கஞ்சி மாவு எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டிருந்தார்கள். நான் இப்படி எழுதினேன்: “ஒரு மாசமா காலைல இந்தக் கஞ்சிதான் குடிக்கிறேன், வெறும் வயித்துல 186 இருந்தது 124க்கு வந்துடுச்சு, ஆனா அதே மாசம் டாக்டர் மாத்திரையையும் கூட்டினார், நடக்கவும் ஆரம்பிச்சேன், அதனால எது வேலை செஞ்சுதுன்னு எனக்குத் தெரியல.” மறுவாரம் அந்த விற்பனையாளர் நன்றி சொல்லி இரண்டு பாக்கெட் இலவசமாக அனுப்பினார். வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். “அண்ணி, நீங்களே சொல்லியிருக்கீங்களேன்னு மூணு பாக்கெட் வாங்கிட்டேன். மாத்திரையையும் நிறுத்திட்டேன்” என்றாள். அவள் அனுப்பிய விளம்பரத்தில் என் படம், என் பெயர், 124 வரைக்கும் நான் எழுதியது, அவ்வளவுதான். குரூப் அட்மினைக் கேட்டால், “பொதுவில் எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்” என்கிறார். என் கணவர் “விடு, வம்பு எதற்கு” என்கிறார். மகள் போலீஸுக்குப் போகச் சொல்கிறாள். இலவசமாக வாங்கிக்கொண்டதால் எனக்குப் பேச வாயில்லாமல் இருக்கிறது. தப்பு என் மேலா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி பதில் அனுப்பியிருந்தேன். அதையே இங்கேயும் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த விளம்பரத்தைப் பார்த்து வேறு யாரும் இதே காரியத்தைச் செய்திருக்கலாம். நாத்தனாரிடம் உடனே பேசுங்கள். நிறுத்திய மாத்திரையைப் பற்றி அவருடைய டாக்டரிடம் அன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பார்க்கட்டும். சர்க்கரை ஏறுவது பல பேருக்கு உடம்பில் தெரியாது, ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நாட்கள் ஓடிவிடும். தாங்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அசதி என்று ஏதாவது இருந்தால் போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

சரி, இப்போது உங்கள் விஷயம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். உங்கள் பதிவில் ‘124க்கு வந்துடுச்சு’ என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருக்கிறது. விளம்பரத்தில் அதே இடத்தில் மூன்று ஆச்சரியக்குறி. காற்புள்ளிக்குப் பின்னால் நீங்கள் எழுதிய 14 சொற்களையும் காணோம். மாத்திரை போயிற்று, நடை போயிற்று, ‘எனக்குத் தெரியல’ என்று நீங்கள் மனதாரச் சொன்னதும் போயிற்று. மேலே ‘எங்கள் வாடிக்கையாளரின் அனுபவம்’ என்று ஒரு பட்டை. அதற்கும் மேலே ‘மாத்திரைக்கு விடை கொடுங்கள்’ என்று பெரிய எழுத்து. நாலு மாதப் பழைய பதிவு, ஆனால் தேதி எங்கும் இல்லை.

அந்த விற்பனையாளரைக் கேட்டால் ‘அவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லையே’ என்பார். உண்மைதான், மாற்றவில்லை. வெட்டியிருக்கிறார். ‘எது வேலை செய்தது என்று தெரியவில்லை’ என்று சொன்ன ஒருத்தியை, ‘இதுதான் வேலை செய்தது’ என்று சொல்ல வைத்திருக்கிறார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஏன் உங்களைப் பிடித்தார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நடிகை வந்து இந்த மாவை வாங்குங்கள் என்று சொல்லியிருந்தால் உங்கள் நாத்தனார் மாத்திரையை நிறுத்தியிருப்பாரா? காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணி சொன்னால் அது வேறு. உங்களுக்கும் சர்க்கரை, உங்களுக்கும் அதே சமையல்கட்டு, பொய் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கையைச் சேர்க்க உங்களுக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்! அதை அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் எடுத்துக்கொண்டுவிட்டார். உங்களுக்கு வந்திருக்கும் கோபம் நியாயமான கோபம்.

இது புதிதும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் நூற்றிருபது வருடத்துக்கு முன்பு ஒரு பத்திரிகையில் இன்ஷூரன்ஸ் விளம்பரம் வந்தது. திடமான ஒரு ஆளின் படம், பக்கத்தில் நோஞ்சான் ஒருவரின் படம். திடமானவர் ‘நல்ல வயதில் பாலிசி எடுத்தேன், இன்றைக்கு என் குடும்பத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது’ என்கிற மாதிரி சொல்வதாகப் போட்டிருந்தார்கள். அந்த ஆள் பவேசிச் என்கிற ஓவியர். அவர் அந்தக் கம்பெனியில் பாலிசி எடுக்கவும் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. ஸ்டுடியோவில் இருந்த நெகட்டிவிலிருந்து அவர் படத்தை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1905இல் அவர் பக்கம் தீர்ப்பானது. அந்தரங்க உரிமை பற்றிப் பேசும் வக்கீல்கள் இன்றும் அந்த வழக்கைச் சொல்வார்கள்.

நம் ஊரிலும் இதற்கு வலுவான வார்த்தை இருக்கிறது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அதிகம் பேசப்பட்ட தீர்ப்பு அது. ஆனால் அதிலேயே, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அவருடைய அந்தரங்க உரிமை மீறப்படுகிறது என்று நீதிபதிகள் உதாரணம் காட்டியே எழுதியிருக்கிறார்கள். உங்கள் அட்மின் ‘பொதுவில் எழுதியது’ என்று சொன்னாரே, அவருக்கு இதைச் சொல்லுங்கள். பொதுவில் எழுதியதை எல்லாரும் படிக்கலாம். உங்கள் முகத்தை ஒட்டி ஒரு பொருளை விற்க அது அனுமதி ஆகாது.

அடுத்தது சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு விளம்பரத்தில் தனிநபரின் பெயரோ படமோ வந்து, அது அவருடைய கருத்து அல்லது அனுபவம் என்று வாங்குபவர் நம்பும்படி இருந்தால், அது ‘பரிந்துரை’. நடிகர், கிரிக்கெட் வீரர் என்று இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், அப்படிப்பட்ட பரிந்துரை அந்த நபரின் உண்மையான, ஓரளவு சமீபத்திய கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் விஷயத்தில் கருத்தும் உங்களுடையது இல்லை, சமீபத்தியதும் இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. சில நோய்களுக்குக் குணம் தருவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்று 1954ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்பார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. ‘மாத்திரைக்கு விடை கொடுங்கள்’ என்று அவர் போட்டிருக்கும் அந்த ஒரு வரி போதும், அவரை அதிகாரிகள் கூப்பிட்டுக் கேட்பதற்கு.

இனி அந்த இரண்டு பாக்கெட். உங்கள் கடிதத்திலேயே இதைத்தான் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். நான் மழுப்பாமல் சொல்கிறேன். வாங்காமல் இருந்திருக்கலாம். பிற்பாடு நாம் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகவே சில பேர் இப்படி அனுப்புகிறார்கள், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியது முன்னால், பாக்கெட் வந்தது பின்னால். ‘உங்கள் படத்தைப் போட்டுக்கொள்கிறேன்’ என்று அவர் கேட்கவும் இல்லை, நீங்கள் சரி என்று சொல்லவும் இல்லை. கஞ்சி மாவு வாங்கிக்கொண்டது சம்மதம் ஆகாது. அந்த இரண்டு பாக்கெட்டின் விலையை அவருக்கு ஜிபே பண்ணிவிடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் எழுதும்போது பாக்கெட் வந்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் சொல்லி மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நீங்கள் சொல்வது நல்லது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் பழைய பதிவை அழித்துவிடாதீர்கள், அதில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாதீர்கள். அவமானத்தில் முதலில் அழிக்கத்தான் கை போகும். ஆனால் நீங்கள் முழுசாக என்ன எழுதினீர்கள் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். அப்புறம் விளம்பரம். ஃபேஸ்புக்கில் ‘ஆட் லைப்ரரி’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் அந்த விற்பனையாளரின் பக்கத்தின் பெயரைப் போட்டால் அவர் காசு கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் எல்லாம் வரும், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதோடு. இப்படிப்பட்ட வியாபார விளம்பரங்கள் ஓடும்வரைதான் அங்கே இருக்கும். அதனால் அவரிடம் பேசுவதற்கு முன்னால், மகளை உட்காரவைத்து இதை முடித்துவிடுங்கள். மாவு பாக்கெட்டின் பின்புறத்தையும் படம் எடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்க எண்ணாக அச்சிட்டிருக்கும். எண்ணே இல்லை என்றால் அதுவும் ஒரு புகார்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். இப்படி எழுதலாம்: “என் பெயரையும் படத்தையும் என்னைக் கேட்காமல் உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் எழுதியதில் டாக்டர் மாத்திரையைக் கூட்டியதும் நான் நடக்கத் தொடங்கியதும் வெட்டப்பட்டிருக்கின்றன. விளம்பரத்தை இன்றே எடுத்துவிட்டு, என் முழுப் பதிவையும் உங்கள் பக்கத்தில் போட்டு, மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம் என்று எழுதுங்கள். மூன்று நாள் பார்ப்பேன்.” கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னால் மட்டும் திருப்தியாகிவிடாதீர்கள். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் திருத்தம் போய்ச் சேர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட கலெக்டரிடமே எழுத்தில் கொடுக்கலாம், நுகர்வோர் சட்டமே அதற்கு இடம் தருகிறது. திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் எடுத்து மனுவோடு வையுங்கள். பார்த்ததும் விளங்கிவிடும். அதன் ஒரு நகலை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் கொடுங்கள். மகள் சொல்கிற போலீஸ் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் மிரட்டினாலோ, உங்கள் படத்தைத் திரும்பத் திரும்ப வேறு பெயர்களில் போட்டாலோ, அப்போது சைபர் கிரைமுக்கு 1930இல் சொல்லலாம்.

உங்கள் கணவர் வம்பு வேண்டாம் என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொருத்தி உங்கள் முகத்தைப் பார்த்து மாத்திரை டப்பாவை மூடி வைக்கக்கூடும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். நாத்தனார் அவருடைய தங்கைதானே.

தப்பு என் மேலா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நீங்கள் எழுதிய அந்த நீளமான வாக்கியத்தைப் போல நேர்மையாக எழுதுகிறவர்கள் குறைவு. குரூப்பை விட்டுப் போய்விடாதீர்கள். இனி எண்ணை எழுதும்போது மட்டும், டாக்டர் மாத்திரையைக் கூட்டினார் என்பதை முதலில் எழுதுங்கள், நடந்ததை அடுத்து எழுதுங்கள், 186, 124 எல்லாம் கடைசியில் வரட்டும். அப்படி எழுதினால் வெட்டுகிறவருக்கு வேலை கஷ்டம்.

நாத்தனார் டாக்டரைப் பார்த்துவிட்டாரா? சர்க்கரை எவ்வளவு இருந்தது? எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.