மருதம்பட்டை எலியின் இதயத்தைக் காத்தது. அம்மாவின் இதயத்தைக் காக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் ஏற்றுகிறார்கள். இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. அது இதயத்தைப் பாதிக்கும் என்கிறார்கள். மருதம்பட்டைச் சாறு எலிகளின் இதயத்தைக் காத்ததாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்த கட்டுரை பொய் என்று சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு அந்த எலிகளிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் எலிக்குச் செலுத்தப்படுவது ஐசோபுரோட்டரினால். கிலோவுக்கு 85 மில்லிகிராம் வீதம் இரண்டு நாள் ஊசி போட்டால் இதயம் அளவுமீறித் துடித்து, ஆக்ஸிஜன் போதாமல் தசை செத்துப்போகும். அதற்கு முன்பே சில வாரங்கள் மூலிகைச் சாற்றைக் கொடுத்திருப்பார்கள். இதயத் தசை சேதமானால் வெளியேறும் டிரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் குறைவாகக் கசிந்திருந்தால் ‘இதயம் காக்கப்பட்டது’ என்று எழுதுவார்கள். டாக்ஸோரூபிசின் செய்வதோ வேறு வகைச் சேதம். இரும்போடு சேர்ந்து தீவிர ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கிளப்புகிறது. டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதியைப் பற்றிக்கொண்டு இதயச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. எனவே, உங்கள் கட்டுரையில் எந்த வேதிப்பொருள் என்று முதலில் பாருங்கள்.

டாக்ஸோரூபிசினே என்றாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் அந்த எலிகளுக்குப் புற்றுநோயே கிடையாது! இதயத்துக்குக் கேடயமாகும் பொருள் கட்டிக்கும் கேடயமாகுமா என்பது அங்கே சோதிக்கப்படுவதே இல்லை. மார்பகப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரைகள் (மேலே சொன்ன தீவிர ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை அடக்குபவை) எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. அது தீர்ந்த முடிவு அல்ல. ஆனால் என் அம்மாவாக இருந்தால் நான் துணிய மாட்டேன். அதே வகையைச் சேர்ந்த வைட்டமின் ஈ-யின் கதையும் நினைவுக்கு வருகிறது. விலங்குகளில் நம்பிக்கை தந்தது. மனிதர்களில் டாக்ஸோரூபிசின் பாதிப்பைத் தடுக்கவில்லை. போதாக்குறைக்கு, மூலிகைப் பொருள்கள் சில கல்லீரல் நொதிகளை முடுக்கியோ முடக்கியோ கீமோ மருந்தின் அளவையே மாற்றிவிடக்கூடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. இதுவரை ஏறிய மொத்த அளவு எவ்வளவு? உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் நான்கு சுற்று என்பது மார்பகப் புற்றுநோயில் வழக்கமான திட்டம், கூட்டினால் 240. இதயச் செயலிழப்பு அபாயம் செங்குத்தாக ஏறுவது 400-ஐத் தாண்டிய பிறகு, குறிப்பாக 550-ஐ நெருங்கும்போது. உயர் இரத்த அழுத்தமோ பழைய இதய நோயோ இருந்தால் இந்தக் கணக்கு மாறும். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் ஒரு முக்கியப் பாதுகாப்பு. கீமோவுக்கு முன் எக்கோ எடுத்தார்களா, அடுத்தது எப்போது என்றும் கேளுங்கள். இதயம் இரத்தத்தை வெளியேற்றும் வீதம் பத்து சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்து 50 சதவீதத்துக்குக் கீழே போனால் திட்டத்தை மறுபரிசீலனை செய்வார்கள்.

இதயத்தைக் காக்கவென்றே டெக்ஸ்ராசாக்ஸேன் என்ற மருந்தும் இருக்கிறது. கீமோ ஏறுவதற்குச் சற்று முன் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். அதையும் எல்லோருக்கும் தருவதில்லை. பொதுவாக மொத்த அளவு 300-ஐத் தாண்டியும் மருந்தைத் தொடர வேண்டியவர்களுக்கே.

ஏற்கெனவே சாறு கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். மூச்சிரைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துச் செல்லுங்கள்.